ஆப்பியா சாலையின் ஏழைக் கல்லறைகள்

நேப்பிள்ஸிலிருந்து மேற்கே கடலை ஒட்டிப் போகும் ரயில் சீக்கிரமே பொட்சுவோலியில் கொண்டுபோய் விடுகிறது. எரிமலை நிலத்தின் மேல் அமைந்த துறைமுக ஊர். ஊருக்கு நடுவில், சாலை மட்டத்துக்குக் கீழே, ரோமானியர்களின் பழைய சந்தைக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அதில் இன்னும் நிற்கும் பளிங்குத் தூண்களில் ஒரு பகுதியைக் கடல்சிப்பிகள் துளைத்திருக்கின்றன. நிலம் தாழ்ந்து கடலுக்குள் போய் மறுபடி உயர்ந்ததற்கு அந்தத் துளைகள் சாட்சி. புவியியல் படிப்பவர்கள் அதற்காக இங்கே வருகிறார்கள். கிறிஸ்தவ வரலாற்றில் அக்கறை உள்ளவர்கள் வரவேண்டியதற்குக் காரணம் வேறு. இந்த ஊரின் பழைய பெயர் புத்தேயோலி. அலெக்சாந்திரியாவிலிருந்து ரோமுக்குக் கோதுமை ஏற்றிவந்த கப்பல்கள் முதல் நூற்றாண்டில் இங்கேதான் கரை சேர்ந்தன. கி.பி. 60ஐ ஒட்டி, அலெக்சாந்திரியக் கப்பல் ஒன்றில் கைதியாக வந்து இறங்கினார் பவுல். அவர் வருவதற்கு முன்பே இங்கே கிறிஸ்தவர்கள் இருந்தார்கள், அவர்கள் கேட்டுக்கொண்டபடி ஏழு நாள் தங்கினார் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். போகிற போக்கில் சொல்லப்பட்ட செய்திதான். ஆனால் அந்த நூலின் பிற்பாதிக்கு நாயகனே பவுல். இத்தாலிக்கு நற்செய்தியை முதலில் கொண்டுவந்தவர் அவர்தான் என்று எழுதியிருந்தால் நூலுக்குப் பெருமை கூடியிருக்கும். ஆசிரியர் அப்படி எழுதவில்லை. அதனாலேயே இந்தச் செய்தியை நம்பலாம்.

அப்படியானால் புத்தேயோலிக்கு நற்செய்தியைக் கொண்டுவந்தது யார்? பெயர் எதுவும் இல்லை. ஆனால் அந்தத் துறைமுகத்தில் எப்படிப்பட்டவர்கள் வந்து போனார்கள் என்பது நமக்குத் தெரியும். இங்குள்ள கல்வெட்டுகளில் காணப்படும் அன்னியஸ் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அன்னியஸ் புளோகாமஸ் என்பவரின் அடிமை ஒருவன் கி.பி. 6இல் எகிப்தின் செங்கடல் பாலைவனப் பாதையில் தன் பெயரைப் பாறையில் பொறித்துவிட்டுப் போனான். அன்னியஸ் புளோகாமஸ் பெயரிலேயே வரி வசூலித்துக்கொண்டிருந்த, விடுதலை பெற்ற அடிமை ஒருவன் காற்றில் சிக்கி இலங்கைக்கே வந்து சேர்ந்ததை மூத்த பிளினி எழுதியிருக்கிறார். முதலாளி வீட்டில் இருக்க, அடிமைகளும் விடுதலை பெற்றவர்களும் கடல் கடந்து அலைந்த உலகம் அது. 57ஐ ஒட்டி ரோமருக்குப் பவுல் எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரம் இதையே வேறு விதமாகக் காட்டுகிறது. தான் இன்னும் பார்த்திராத நகரத்தில் 20க்கும் மேற்பட்டவர்களுக்கு அவர் பெயர் சொல்லி வாழ்த்து அனுப்புகிறார். அம்பிலியா, உர்பான், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் என்று பல பெயர்கள் அன்றைக்கு அடிமைகளுக்கும் விடுதலை பெற்றவர்களுக்கும் வைக்கப்பட்டவை. பெண்கள் கணிசமாக இருக்கிறார்கள். பட்டியலின் தொடக்கத்திலேயே வருகிற பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் கூடாரத் தொழிலாளர்கள். கிளாடியஸ் பேரரசர் யூதர்களை வெளியேற்றியபோது ரோமிலிருந்து கொரிந்துக்குப் போய், பிறகு எபேசுவில் இருந்து, மறுபடி ரோமுக்கே திரும்பியவர்கள். அவர்கள் வீட்டில்தான் சபை கூடியது. பிழைப்புக்காக இடம்பெயர்ந்தவர்கள் தங்கள் கைத்தொழிலோடு விசுவாசத்தையும் எடுத்துப் போனார்கள்.

புத்தேயோலியிலிருந்து கப்புவா போய் அங்கே ஆப்பியா சாலையைப் பிடிப்பதுதான் அன்றைய வழி. கி.மு. 312இல் போடத் தொடங்கிய இந்தச் சாலையை 2024இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இன்றைக்கும் ஏழாம் எண் நெடுஞ்சாலை பெரும்பாலும் அதன் மேலேயே ஓடுகிறது. தெர்ராச்சினாவைத் தாண்டிச் சதுப்பைத் திருத்திய சமவெளியில் நூல் பிடித்தாற்போல் நேராகப் போகும்போது, பவுலின் பயணத்தில் வரும் இரண்டு இடங்கள் அடுத்தடுத்து வருகின்றன. ரோமுக்குச் சுமார் 64 கிலோமீட்டருக்கு முன் அப்பியுபுரம். சுமார் 50 கிலோமீட்டருக்கு முன் மூன்று சத்திரம். பார்ப்பதற்கு இங்கே பெரிதாக ஒன்றும் இல்லை, வயல்களும் சில இடிபாடுகளும்தான். ஆனால் ரோமிலிருந்து கிறிஸ்தவர்கள் புறப்பட்டு இவ்வளவு தூரம் வந்து, விசாரணைக்குக் கொண்டுபோகப்படும் ஒரு கைதியை எதிர்கொண்டார்கள் என்பதை நினைத்துப் பார்க்க இந்த வழியாகவே போக வேண்டும். போக இரண்டு நாள், திரும்ப இரண்டு நாள் வேலையை விட்டு வந்திருக்கிறார்கள். முன்பின் பார்த்திராத மனிதரைத் தங்கள் குடும்பத்தில் ஒருவராக எண்ணிச் செய்யும் காரியம் இது. என் வாதம் இங்கேதான் தொடங்குகிறது. ரோமில் கிறிஸ்தவம் வேரூன்றியதற்குப் பெரும் பிரசங்கிகளோ பின்னால் வந்த பேரரசர்களோ முதல் காரணம் அல்ல. சொந்தபந்தம் இல்லாதவர்களுக்கு, முக்கியமாக அவர்கள் நோயில் விழும்போதும் சாகும்போதும், உறவினர் செய்ய வேண்டியதைச் செய்யும் ஓர் அமைப்பாக அது இருந்ததுதான் காரணம். இதற்கான சான்றுகள் ஆப்பியா சாலையின் இரு பக்கமும் கிடக்கின்றன.

முதல் சான்று கிறிஸ்தவர்களுடையதே அல்ல. ரோமை நெருங்கும்போது ஆல்பன் குன்றுகளில், சாலையிலிருந்து சற்று விலகி, லனூவியோ என்ற ஊர் இருக்கிறது. பழைய லனூவியம். இங்கே கிடைத்த கி.பி. 136ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒரு மரண உதவிச் சங்கத்தின் விதிகளை முழுதாகச் சொல்கிறது. சேருவதற்கு 100 செஸ்டெர்ஸும் ஒரு ஜாடி நல்ல திராட்சரசமும் கொடுக்க வேண்டும். மாதச் சந்தா 5 செப்புக்காசு. ஒழுங்காகக் கட்டியவர் இறந்தால் அடக்கத்துக்குச் சங்கம் 300 செஸ்டெர்ஸ் தரும். தொடர்ந்து ஆறு மாதம் கட்டாதவருக்கு எதுவும் கிடையாது. தற்கொலை செய்துகொண்டவருக்கும் கிடையாது. அடிமைகளும் உறுப்பினராகலாம். அப்படி ஓர் அடிமை இறந்து, எஜமான் உடலைத் தர மறுத்துவிட்டால் அவனுக்காக உடல் இல்லாமலே ஈமச்சடங்கு நடத்தப்படும். இந்த ஒரு விதியைப் படிக்கும்போது மனம் கலங்கிவிடுகிறது. செத்த பிறகும் தன் உடல் தனக்குச் சொந்தமில்லை என்று தெரிந்த ஒருவன், யாராவது நமக்காக ஒரு சடங்காவது செய்யட்டும் என்று மாதாமாதம் செப்புக்காசு கட்டிவந்திருக்கிறான். நல்ல அடக்கத்துக்கான ஏக்கம் சாதாரண ரோமானியரிடம் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அதே சமயம் இந்தச் சங்கம் யாரை விட்டுவிட்டது என்பதும் கல்லிலேயே இருக்கிறது. சேர்வதற்கான 100 செஸ்டெர்ஸைத் திரட்ட முடியாதவர், ஆறு மாதம் வேலையில்லாமல் போனவர், கணவன் இறந்ததும் வருமானம் நின்றுபோன கைம்பெண் ஆகிய யாருக்கும் அதில் இடமில்லை.

ரோமின் மதில் நெருங்க நெருங்கச் சாலையின் இருபுறமும் கல்லறைகள் பெருகுகின்றன. நகரத்துக்குள் பிணம் புதைக்கவோ எரிக்கவோ கூடாது என்பது பன்னிரு பலகைகள் என்ற பழைய சட்டத் தொகுப்பின் காலத்து விதி. அதனால் வசதி படைத்தவர்கள் நெடுஞ்சாலை ஓரங்களில் போட்டி போட்டுக்கொண்டு கட்டினார்கள். சிசிலியா மெதெல்லா என்ற சீமாட்டியின் வட்டக் கோபுரம் இன்னும் கம்பீரமாக நிற்கிறது. பெரிய வீடுகளின் வேலையாட்களுக்குச் சாம்பல் கலசம் வைக்கும் மாடங்கள் இருந்தன. அகஸ்டஸின் மனைவி லிவியாவின் வீட்டாட்களுக்கென்று கட்டிய கூடம் 1726இல் இந்தச் சாலையோரம்தான் கண்டெடுக்கப்பட்டது. செல்வக் குடும்பத்தோடு ஒட்டியிருந்தவருக்கு இடம் உண்டு. எதோடும் ஒட்டாதவருக்கு? அவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதைப் பார்க்கச் சாலை மட்டத்துக்குக் கீழே போக வேண்டும்.

புனித கலிஸ்டஸ் பெயரால் வழங்கும் சுரங்கக் கல்லறை சுமார் 20 கிலோமீட்டர் நீளச் சுரங்க வழிகளைக் கொண்டது, நான்கு அடுக்குகளாக இறங்குகிறது. வழிகாட்டியுடன் குழுவாகத்தான் உள்ளே விடுவார்கள், படம் எடுக்க முடியாது. வெளியே கொளுத்தும் ஜூலையிலும் உள்ளே குளிர்ச்சி. எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான துஃபா பாறையை வெட்டுவது எளிது, காற்றுப் பட்டால் அது கெட்டிப்படும். அந்தப் பாறையில் ஆள் நீளத்துக்கு மாடங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக, தரையிலிருந்து கூரை வரை. உடலைத் துணியில் சுற்றி வைத்து, ஓட்டுக் கல்லாலோ பளிங்குப் பலகையாலோ மூடிச் சுண்ணாம்பு பூசினார்கள். பெயர் எழுத வசதியில்லாத வீட்டார் ஈரச் சுண்ணாம்பில் ஒரு நாணயத்தையோ கண்ணாடிக் கிண்ணத்தின் அடிப்பாகத்தையோ பதித்து அடையாளம் வைத்தார்கள். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமின் ஆயராக இருந்த செஃபிரினஸ் இந்தக் கல்லறையின் பொறுப்பைக் கலிஸ்டஸ் என்ற டீக்கனிடம் கொடுத்தார். கலிஸ்டஸ் ஒரு முன்னாள் அடிமை. எஜமானின் பணத்தை வைத்து வட்டிக்கடை நடத்தி முறிந்துபோய், சர்தீனியாவின் சுரங்கத்துக்குத் தண்டனையாக அனுப்பப்பட்டு, அங்கிருந்து மீண்டவர். இதையெல்லாம் சொல்வது அவருடைய எதிரி ஹிப்போலிட்டஸ், எனவே வட்டிக்கடைக் கதையில் காழ்ப்பு கலந்திருக்கலாம். ஆனால் அடிமையாக இருந்த ஒருவர் 217இல் ரோமின் ஆயரானார் என்பதில் ஐயமில்லை. அந்த ஹிப்போலிட்டஸின் பெயரில் வழங்கும் சபை ஒழுங்கு நூலில் (அவர்தான் எழுதினாரா என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு) ஒரு விதி இருக்கிறது. கல்லறை ஏழைகளுக்கானது, அங்கே அடக்கம் செய்ய யாரிடமும் அதிகப் பணம் கேட்கக் கூடாது, குழி வெட்டியவரின் கூலியும் ஓட்டுக்கு ஆன விலையும் போதும். லனூவியம் கல்வெட்டின் பக்கத்தில் இதை வைத்துப் பார்க்க வேண்டும். கார்த்தேஜில் 197ஐ ஒட்டி எழுதிய தெர்த்துல்லியன், சபையின் பொதுப் பெட்டியில் மாதம் ஒரு முறை அவரவர் விரும்பியதைப் போடுவார்கள், அது ஏழைகளுக்குச் சோறு போடவும் அவர்களை அடக்கம் செய்யவும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் சுரங்கத் தண்டனையில் இருப்போருக்கும் செலவாகிறது என்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் இதுவும் மாதச் சந்தா வாங்கும் ஒரு சங்கம்தான். கட்டாதவரையும் அடக்கம் செய்தது என்பதுதான் பெரிய வேறுபாடு.

சுரங்கக் கல்லறை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது வேறு ஒரு காட்சி. கிறிஸ்தவர்கள் படைவீரர்களுக்குப் பயந்து இங்கே ஒளிந்து வாழ்ந்தார்கள் என்று நாவல்களும் திரைப்படங்களும் பதியவைத்திருக்கின்றன. இதை விட்டொழிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான பிணங்கள் இருக்கும் குறுகிய சுரங்கத்தில் யாரும் குடியிருக்க முடியாது. பாறையை வெட்டி மண்ணை வெளியே கொட்டும் வேலையை நெடுஞ்சாலை ஓரத்தில் இரகசியமாகச் செய்யவும் முடியாது. அரசுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. 257இல் பேரரசர் வலேரியன், கிறிஸ்தவர்கள் கல்லறைகளுக்குள் போகக் கூடாது என்று ஆணையிட்டார். அடுத்த ஆண்டு ஆயர் இரண்டாம் சிக்ஸ்டஸ் கல்லறை ஒன்றில் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். பிறகு வந்த கல்லியேனஸ் அந்தக் கல்லறைகளைத் திருப்பிக் கொடுத்தார். தெரியாத சொத்தைப் பறிக்கவும் முடியாது, திருப்பித் தரவும் முடியாது. இன்று திருத்தந்தையரின் கல்லறை அறை என்று காட்டப்படும் இடத்தில் மூன்றாம் நூற்றாண்டின் ஒன்பது ஆயர்கள் அடக்கமாகியிருக்கிறார்கள், அவர்களில் சிலரின் பெயர்கள் கிரேக்க எழுத்தில் இன்னும் தெரிகின்றன. துன்புறுத்தல் உண்மை. ஆனால் அது விட்டுவிட்டு வந்தது. குழி வெட்டும் வேலை எல்லா ஆண்டும் நடந்தது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. சபையின் தர்ம காரியங்களைப் பற்றிச் சொல்பவர்கள் சபையின் வழக்கறிஞர்களாயிற்றே, தெர்த்துல்லியன் தன் ஆட்களைப் புகழாமல் என்ன செய்வார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, எனவே எதிரிகளிடமே போவோம். இரண்டாம் நூற்றாண்டின் அங்கத எழுத்தாளர் லூசியன், பெரெக்ரினஸ் என்ற போலிச் சாமியாரைப் பற்றி எழுதுகையில், அவன் கிறிஸ்தவனாகச் சிறையில் இருந்தபோது விடியற்காலையிலேயே கைம்பெண்களும் பிள்ளைகளும் சிறை வாசலில் காத்திருந்ததையும், ஆசியாவின் நகரங்களிலிருந்து சபைகள் பொதுச் செலவில் ஆள் அனுப்பியதையும் சொல்லிச் சிரிக்கிறார். அவர்களை ஏமாளிகள் என்று காட்டத்தான் சொல்கிறார். ஆனால் செய்தது இன்னது என்பதை மறுக்கவில்லை. பழைய தெய்வ வழிபாட்டை மீட்கப் பாடுபட்ட பேரரசர் ஜூலியன் 362இல் கலாத்தியாவின் தலைமைக் குருவுக்கு எழுதியதாக உள்ள கடிதம், கிறிஸ்தவம் வளர்ந்ததற்குக் காரணமாக அந்நியரை உபசரிப்பது, இறந்தவர்களின் அடக்கத்தில் காட்டும் அக்கறை, ஒழுக்கமான வாழ்க்கை ஆகியவற்றைச் சொல்கிறது. அவர்கள் தங்கள் ஏழைகளை மட்டுமல்லாமல் நம் ஏழைகளையும் தாங்குகிறார்கள் என்று வெட்கப்படுகிறது. இந்தக் கடிதம் ஜூலியனுடையதுதானா என்று ஐயம் எழுப்பிய அறிஞர்கள் உண்டு. பெரும்பாலோர் ஏற்கிறார்கள், நானும் ஏற்கிறேன். அதைத் தள்ளிவைத்தாலும் ஒரு கணக்கு மிஞ்சுகிறது. 251இல் ரோமின் ஆயர் கொர்னேலியுஸ் அந்தியோக்கியாவுக்கு எழுதிய கடிதத்தைச் சபை வரலாற்றாளர் யூசேபியஸ் பாதுகாத்துத் தந்திருக்கிறார். ரோம் சபையில் 46 மூப்பர்கள், 7 டீக்கன்கள், அவர்களுக்கு உதவியாக 7 துணை டீக்கன்கள், அக்கோலித்தர்கள் என்ற பணியாளர்கள் 42 பேர், பேயோட்டுவோரும் வாசகர்களும் வாயில்காப்போருமாக 52 பேர், இவர்களோடு சபை பராமரிக்கும் கைம்பெண்களும் ஏழைகளும் 1,500க்கு மேல். தன் சபையின் அளவைக் காட்ட ஓர் ஆயர் எழுதும்போது செல்வந்தர்களை எண்ணவில்லை, சபையிடம் சோறு வாங்கியவர்களை எண்ணினார்.

அந்த 52 பேரில் பேயோட்டுவோரும் இருப்பதைப் பார்த்து, மக்களை ஈர்த்தது அற்புதங்கள்தான் என்பார்கள் சிலர். அமெரிக்க வரலாற்றாளர் ராம்சே மக்மல்லன் அப்படித்தான் வாதிட்டார். நோய் தீர்ந்ததாக நம்பிப் பலர் வந்திருப்பார்கள், அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் நோய் தீர்க்கும் தெய்வங்களுக்கு ரோமில் பஞ்சமே இல்லை. டைபர் ஆற்றுத் தீவில் அஸ்கிளேப்பியஸின் கோயில் இருந்தது. அங்கே குணமானவர் காணிக்கை செலுத்திவிட்டு வீடு திரும்பினார். மித்ரா வழிபாட்டின் கதையும் கவனிக்கத்தக்கது. கொலோசியத்துக்கு அருகில் உள்ள புனித கிளெமெந்து ஆலயத்தில், பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கோயிலுக்குக் கீழே நான்காம் நூற்றாண்டுக் கோயில், அதற்கும் கீழே முதல் நூற்றாண்டுக் கட்டடங்கள். அந்த ஆழத்தில் ஒரு மித்ரா ஆலயமும் இருக்கிறது. 1857இல் அயர்லாந்து தோமினிக்கன் துறவி ஜோசப் முல்லூலி தோண்டத் தொடங்கியதால் இவை வெளிப்பட்டன. சுவரோடு ஒட்டிய கல் திண்ணைகள், நடுவில் காளையைக் கொல்லும் மித்ராவின் பலிபீடம். ஆண்களின் சிறு குழு ஒன்று சேர்ந்து விருந்துண்ணும் அளவுக்குத்தான் இடம். பெண்களுக்கு அங்கே இடமிருந்ததற்குச் சான்று இல்லை. கணவன் இறந்த பிறகு மனைவியையும் பிள்ளைகளையும் அந்தக் குழு பார்த்துக்கொண்டதற்கும் சான்று இல்லை.

யூதர்களை இந்த இடத்தில் மறப்பது நன்றி கெட்ட செயல். ஏழையைத் தாங்குவதையும் இறந்தவரை மண்ணில் அடக்கம் செய்வதையும் கிறிஸ்தவர்கள் அவர்களிடமிருந்துதான் பெற்றார்கள். ரோமில் வில்லா தொர்லோனியாவின் கீழுள்ள யூதச் சுரங்கக் கல்லறையில் கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பு செய்து 2005இல் வெளியான ஆய்வு, சுரங்கக் கல்லறை வெட்டும் வழக்கமே யூதர்களிடம் முதலில் தொடங்கியிருக்கலாம் என்று காட்டியது. கிறிஸ்தவர்கள் செய்தது, அந்தக் கடமையை இனம், விருத்தசேதனம் என்ற எல்லைகளைத் தாண்டி விரித்தது. பிரெஞ்சு வரலாற்றாளர் எரிக் ரெபியார் இன்னொரு பக்கமிருந்து எச்சரிக்கிறார். பெரும்பாலான கிறிஸ்தவர்களுக்கு அடக்கம் என்பது குடும்பத்தின் பொறுப்பாகவே இருந்தது, எல்லாக் கல்லறையையும் சபைதான் நடத்தியது என்று எண்ணக் கூடாது என்கிறார். இதை ஏற்கிறேன். சுரங்கங்களில் வண்ணச் சித்திரங்கள் தீட்டிய தனி அறைகள் செல்வக் குடும்பங்களுடையவை, அங்கேயும் பணம் பேசியது. ஆனால் குடும்பம் இருந்தவர்களைக் குடும்பம் பார்த்துக்கொண்டது என்பது என் வாதத்தைக் குறைக்காது. குடும்பம் இல்லாதவரைப் பற்றித்தான் பேச்சு, அவருக்குச் சபை இருந்தது.

கடைசியில் பேரரசர் கான்ஸ்டன்டைன். 312இல் மில்வியன் பாலத்துப் போரில் அவர் வென்றார், 313இல் மிலானில் வழிபாட்டு உரிமை உறுதியானது, 380இல் தியோடோசியஸ் கிறிஸ்தவத்தை அரச மதமாக்கினார். அரசன் மாறினான், மக்கள் மாறினார்கள், அவ்வளவுதான் என்று இதைச் சுருக்கிவிடுபவர்கள் உண்டு. நான்காம் நூற்றாண்டின் பெருக்கத்துக்கு அரச ஆதரவும், பின்னர் பழைய கோயில்களுக்கு எதிரான சட்டங்களும் காரணம் என்பதை மறைக்கக் கூடாது; கிறிஸ்தவர்கள் மறைப்பதும் உண்டு. ஆனால் கான்ஸ்டன்டைன் தேர்ந்தெடுக்க ஒரு சபை ஏற்கெனவே இருந்தது. 300ஆம் ஆண்டில் பேரரசின் மக்களில் சுமார் பத்தில் ஒருவர் கிறிஸ்தவர் என்பது சமூகவியலாளர் ரோட்னி ஸ்டார்க் போன்றவர்களின் மதிப்பீடு, அது கணிப்பு மட்டுமே. கணிப்பை நம்பாவிட்டாலும் 112ஐ ஒட்டி பித்தினியாவின் ஆளுநர் இளைய பிளினி, கிராமங்கள் வரை இது பரவிவிட்டது, கோயில்கள் ஏறக்குறைய வெறிச்சோடியிருந்தன என்று பேரரசர் டிராஜனிடம் முறையிட்ட கடிதம் கையில் இருக்கிறது. விவரம் அறிய அவர் சித்திரவதை செய்தது சபையில் பணிவிடை செய்த இரண்டு அடிமைப் பெண்களை. அரசு கைகொடுப்பதற்கு 200 ஆண்டுகளுக்கு முன்பே வேர் இறங்கிவிட்டது.

அரசு கைகொடுத்த பிறகு என்ன நடந்தது என்பதும் இதே சுரங்கங்களில் எழுதப்பட்டிருக்கிறது. ஆயர் தாமசுஸ் 366 முதல் 384 வரை மறைசாட்சிகளின் கல்லறைகளைப் புதுப்பித்து, அழகான எழுத்தில் பளிங்குக் கவிதைகள் பதித்தார். புனிதர்களின் பக்கத்தில் அடக்கமாக எல்லோரும் ஆசைப்பட்டார்கள். குழிவெட்டிகளின் கூலிக்கும் ஓட்டின் விலைக்கும் மேல் ஏழையிடம் எதுவும் கேட்கக் கூடாது என்ற பழைய விதி போனது. நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதிக் கல்வெட்டுகளில் குழிவெட்டிகளே இடத்தை விற்றதும், வாங்கியவர் பெயரும், அதற்குக் கொடுத்த விலையும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் சுரங்கங்களில் அடக்கம் செய்வது ஏறக்குறைய நின்றுபோனது.